ரிலீஸ் ஐந்தும் ஒரு குடம் பாலும்

எங்கள் டைரக்டர் வெங்கடசுப்பிரமணியனுக்குப் படி ஏறுவது என்றால் கேவலம். இந்தியப் பெருங்கடல் தீவொன்றில், ரோஸ் பெல் என்ற ஊரில், கரும்புக்கு நடுவே, எங்கள் பின்னலாடைத் தொழிற்சாலையின் முதல் மாடியில் இருந்தது கணிப்பொறி அறை. ஏறிப்போக நல்ல அகலமான படிக்கட்டு உண்டு. அவர் மட்டும் கம்பளி நூல் மூட்டைகள் போகும் லிஃப்டில் மூட்டையோடு மூட்டையாக நின்று மேலே வருவார். மீசையில் ஊதா நூல், புருவத்தில் பச்சை நூல். அந்தக் கோலத்தில்தான் எங்களுக்கு உபதேசம் நடக்கும்.

நான் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ளச் சொல்லி என் கணவர் ஊரெல்லாம் எச்சரித்து வைத்திருக்கிறார். தாராளமாகக் கழித்துக்கொள்ளுங்கள். மீதிப் பாதியே அந்த மனிதருக்குப் போதும்.

எண்பதுகளின் பின்பாதி அது. தீவில் ஊசி வைத்திருந்தவர்கள் எல்லாம் ஸ்வெட்டர் பின்னினார்கள், ஜன்னலில் கடல் தெரிந்தவர்கள் எல்லாம் ஹோட்டல் கட்டினார்கள். எங்கள் முதலாளிகள் இரண்டையும் செய்தார்கள். தொழிற்சாலை ரோஸ் பெல்லில், ஹோட்டல்கள் மாயெபூர் பக்கத்துக் கரையில். ஆகவே எங்களிடம் இரண்டு மெயின்பிரேம் கணிப்பொறிகள். பாரீஸில் யாரோ வேண்டாம் என்று தள்ளியவை கப்பலேறி வந்திருந்தன. ஒன்று தொழிற்சாலைக்கு, ஒன்று ஹோட்டல்களுக்கு. இரண்டும் ஒரே அறையில், ஒரே டிஸ்க் வரிசையைப் பங்கு போட்டுக்கொண்டு உறுமிக்கொண்டிருக்கும்.

அந்த இரண்டு உறுமல்களுக்கும் நான்தான் பொறுப்பு. மதராஸிலிருந்து சிஸ்டம்ஸ் புரோகிராமராக வந்தவள். அந்த இயந்திரங்களின் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் பார்த்துக்கொள்வதும், இயந்திரக் கம்பெனி அதன் புதுப் பதிப்பை, அதாவது புது ரிலீஸை, அனுப்பும்போது பழையதிலிருந்து புதியதற்கு மாற்றத் திட்டம் போடுவதும் என் வேலை. என் கணவர் ஞானசம்பந்தம் கோயிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார். நாங்கள் இருவரும் தீவில் இருந்தது என் வேலை அனுமதியின் பேரில். அந்த அனுமதி என் ஒப்பந்தத்தின் பேரில். ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. அதைப் புதுப்பிக்கும் கையெழுத்து மீசையில் நூல் ஒட்டிய அந்த மனிதருடையது. என் குடுமி எங்கே மாட்டியிருந்தது என்று புரிந்திருக்கும்.

இரண்டு இயந்திரங்களும் ரிலீஸ் இரண்டில் ஓடிக்கொண்டிருந்தன. உலகம் ஐந்துக்குப் போய்விட்டது. நான் ஒரு திட்டம் போட்டுக் கொடுத்தேன். முதலில் இரண்டு இயந்திரங்களிலும் ஒரு சின்னத் திருத்தம். பிறகு ஒவ்வொன்றாக நான்குக்கு. நான்கு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு ஐந்துக்கு. இரண்டு ரிலீஸுக்கு மேல் ஒரேயடியாகத் தாண்டாதே என்று இயந்திரத்தைச் செய்தவர்களே புத்தகத்தில் எழுதியிருந்தார்கள்.

டைரக்டர் அந்தத் திட்டத்தைக் கல்யாண வீட்டில் எச்சில் இலையைப் பிடிப்பதுபோல ஓரத்தில் பிடித்தார். அது என்ன சின்னத் திருத்தம் என்று கேட்டார். அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். இரண்டு இயந்திரங்களும் ஒரே சமையலறையில் புழங்கும் ஓரகத்திகள். மூத்தவள் ரிலீஸ் ஐந்துக்குப் போனால் உப்பு, புளி எல்லாவற்றையும் புது மாதிரி டப்பாவில் போட்டு வைப்பாள். இளையவள் இன்னும் இரண்டிலேயே இருந்தால், அந்த டப்பாவைத் திறக்கத் தெரியாமல் அலறி விழுவாள். மூத்தவளே மனம் மாறிப் பழையபடி இரண்டுக்குத் திரும்பினாலும் தன் டப்பாவையே தன்னால் திறக்க முடியாது. புது டப்பாவைக் கண்டால் பதறாதே, இப்படித் திற என்று இரண்டு பேருக்கும் முன்கூட்டியே சொல்லி வைப்பதுதான் அந்தத் திருத்தம். நான் அதைச் சகிப்புத் திருத்தம் என்பேன். அது இல்லாமல் ஏறினால் இறங்க வழி கிடையாது.

"படிப்படியா ஏற நான் என்ன பழனிக்கா போறேன்?" என்றார் டைரக்டர்.

அவரிடம் சம்பள உயர்வு எதிர்பார்த்த இரண்டு பேர் சிரித்தார்கள்.

பிப்ரவரியில் பாரீஸிலிருந்து இயந்திரக் கம்பெனியின் பெரிய ஆட்கள் வருவதாக இருந்தது. இந்தியப் பெருங்கடலிலேயே ரிலீஸ் ஐந்து ஓட்டும் முதல் இடம் எங்களுடையது என்று அவர்களிடம் சொல்ல வேண்டும், அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டும். அவருடைய வாழ்க்கை லட்சியமே அதுதான். இரண்டிலிருந்து ஐந்துக்கு ஒரே பாய்ச்சல், அதுவும் தொழிற்சாலை இயந்திரம் மட்டும். ஹோட்டல் இயந்திரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சகிப்புத் திருத்தமெல்லாம் கோழைகளுக்கு. நாளும் குறித்துவிட்டார்: தைப்பூசம். இங்கே அது அரசு விடுமுறை, தொழிற்சாலை மூடியிருக்கும்.

ஹோட்டல் மூடாதே சார் என்றேன். மணலில் மல்லாந்து கிடப்பவனுக்குக் கணிப்பொறி எதற்கு என்று கேட்டார். மறுநாள் காலை ஐரோப்பாவுக்கு ஸ்வெட்டர் கன்டெய்னர்கள் ஏறுகின்றன, ஏற்றுமதிப் பத்திரம் அச்சாக வேண்டும் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் இரண்டு ஊர் தள்ளி இருப்பவர்களும் நடுங்க வேண்டும் என்பது அவருடைய அபிப்பிராயம்.

"உங்களுக்குத் தைரியம் போறாது, ரமாமணி. தைரியம் இல்லாதவாளை வச்சுண்டு நான் என்ன பண்றது? மார்ச் வரட்டும், பார்க்கலாம்."

அதாவது, பாய்ச்சல் பலித்தால் நான் தேவையில்லை. பலிக்காவிட்டால் பழி போட ஆள் வேண்டும், அதற்கும் நான்தான். இரண்டு பக்கமும் எனக்கு மதராஸ் டிக்கெட்.

அவருடைய வீரச் செயல்களில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புயல் காலத்தில் வாரத்துக்கு ஒருமுறை டிஸ்க் முழுவதையும் டேப்பில் நகல் எடுத்து வெளியூரில் வைப்பது என் வழக்கம். தகரக் கூரைகள் கரும்புக்கு மேல் பறவை மாதிரி போவதைப் பார்த்த யாரும் அப்படித்தான் செய்வார்கள். மாயெபூர் பக்கம் எங்கள் ஹோட்டல் ஒன்று பழைய கருங்கல் கட்டடத்தில் இருந்தது. அங்கே ஒரு இரும்புப் பெட்டகம். அதற்குக் கம்பெனி வண்டியில் டேப்புகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். டேப்புக்கு எதற்கு உல்லாசப் பயணம் என்று சொல்லி டைரக்டர் அந்த வண்டியை நிறுத்திவிட்டார். ஹோட்டல் சலவை வண்டியை நிறுத்த அவருக்கு அதிகாரம் இல்லை. ஆகவே படுக்கை விரிப்புகளுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி வாராவாரம் மாயெபூருக்குப் போய்வந்தது. அதில் டேப் இருப்பது எனக்கும் அலமேலுவுக்கும்தான் தெரியும்.

அலமேலு எங்கள் கன்சோல் ஆப்பரேட்டர். கரும்பு வெட்ட வந்தவர்களின் வழி. வீட்டில் தீவின் கிரியோல் மொழி, வேலையில் பிரெஞ்சு. தமிழ் என்றால் முருகன் பாட்டுகள், சாமி சாமான்களின் பெயர்கள், அக்கா, மாமா, அவ்வளவுதான். டைரக்டர் அவள் தமிழைத் தமிழுக்கு வந்த காய்ச்சல் என்பார். காவடியைக் கரும்புக்காட்டு வேஷம் என்பார். அவர் கோயிலுக்கு வந்தே நான் பார்த்ததில்லை. பொங்கல் வாசனை அலுவலகம் வரை வந்தால் மட்டும் பக்தி பொங்கும்.

கொடியேற்றத்துக்கு முன்பு அலமேலு என்னைச் சீண்டினாள். "மத்ராஸ் திமூன் ஸிஸ் கெத்தே, அக்கா." மதராஸ்காரர்கள் வேடிக்கை பார்க்க மட்டும்தான் என்று அர்த்தம். வந்த நாளாக நான் பந்தலில் உட்கார்ந்து சர்பத் குடித்துக்கொண்டு பார்த்தவள். ரோஷம் வந்துவிட்டது. ஒப்பந்தம் கிடைக்க வேண்டும் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டு, பால்குடம் எடுப்பதாகச் சொல்லிவிட்டேன். நாக்கில் வேல் குத்திக்கொண்டு. பல்குத்தும் குச்சி அளவு வெள்ளி வேல்தான். ஆனால் அது ஏறிவிட்டால் கோயிலில் இறக்கும்வரை பேச்சு கிடையாது.

விடுமுறை நாள் என்றாலும் முறைக்காக டைரக்டரிடம் சொன்னேன். நான் வேண்டுமானால் வந்து இருக்கிறேன், சகிப்புத் திருத்தத்தை மட்டும் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள் என்று கடைசியாக ஒருதரம் கெஞ்சவும் செய்தேன். அவர் முகத்தில் ஒரு கருணை பரவியது. பெருமையைப் பங்கு போட ஆள் குறைகிறதே.

"நீங்க பால்குடம் எடுங்கோ. நான் ரிலீஸ் எடுக்கறேன்."

தைப்பூசத்தன்று ஆற்றங்கரை முழுக்க ரோஜா நிறம். இங்கே காவடிக்கு அந்த நிறம்தான். தொழிற்சாலையின் தையல் பிரிவே அங்கே இருந்தது. குளித்து, பூசை முடிந்து, பூசாரி என் நாக்கில் வேலை ஏற்றினார். வலிக்கவில்லை என்று சொல்வார்கள். பொய். ஆனால் அந்த வேல் மாதிரி எனக்கு நன்மை செய்த ஆயுதம் வேறு இல்லை.

தலையில் பால்குடம். இடது கை குடத்தைப் பிடிக்க, வலது கை சும்மா. பால் சிந்தக் கூடாது, கோயில் போய்ச் சேரும்போது திரியக் கூடாது. திரிந்தால் மனத்தில் அழுக்கு என்பது இங்கத்து நம்பிக்கை. டைரக்டரை நினைத்தால் பால் திரிந்துவிடும் என்று பயந்து, நான் வழியெல்லாம் அவரை நினைக்காமலிருக்கப் பாடுபட்டேன். அவர் விடவில்லை.

பாதித் தூரம் வந்திருப்போம். வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. ஊர்வலத்துக்குப் பக்கவாட்டில் ஒரு மனிதர் கையில் அச்சுக் காகிதச் சுருளோடு ஓடிவந்தார். காகிதத்தின் வால் கரும்பு வரப்பு வரைக்கும் நீண்டு வந்தது. செருப்போடு உள்ளே வரக்கூடாது என்று தொண்டர்கள் சொல்ல, சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு உருகும் தாரில் கால் வைத்தார். பிறகு அவர் நடக்கவில்லை, பொரிந்தார். இவருக்கும் ஏதோ வேண்டுதல் என்று நினைத்த ஒரு வீட்டம்மாள் அவர் தலையில் ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டாள். காகிதச் சுருள் கூழாயிற்று.

"ரமாமணி, ஹோட்டல் மிஷின் விழுந்துடுத்து. தொழிற்சாலை மிஷினை ரெண்டுக்குத் திருப்பினா அதுவும் டிஸ்க்கைப் படிக்க மாட்டேங்கறது. என்ன பண்றது, சொல்லுங்கோ."

நான் வாயைத் திறந்து வேலைக் காட்டினேன். அவர் நாலு அடி முன்னால் தத்தி ஓடி அலமேலுவிடம் கேட்டார். அவளும் திறந்து காட்டினாள். அவளுடையது என்னுடையதைவிடக் கொஞ்சம் நீளம்.

அவருக்குப் பின்னால் காரை விட்டு இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தவர் ஜோசெட். ஹோட்டல்களுக்கெல்லாம் அவர்தான் தலைவி. முதலாளி குடும்பத்திலேயே குரலை உயர்த்தாமல் பேசத் தெரிந்த ஒரே ஆள், அதனால் எல்லோருக்கும் பயம். கணிப்பொறி அறையில் தனியாகக் காவலிருந்த ஆப்பரேட்டர் லூயி அவருக்கு ஃபோன் செய்துவிட்டிருந்தான். சீசன் உச்சத்தில் ஹோட்டல் முன்பதிவுப் பட்டியலே மறைந்துவிட்டது. ஜெர்மனியிலிருந்து வந்த பாடகர் குழு ஒன்று வரவேற்பறையில் நின்றபடியே ஒத்திகையை ஆரம்பித்துவிட்டதாம். லியோனிலிருந்து வந்த புதுமணத் தம்பதியில் மாப்பிள்ளைக்கு ஒரு ஹோட்டல், பெண்ணுக்கு வேறு ஹோட்டல். இதில் நான் சேர்த்தது கொஞ்சம்தான்.

ஜோசெட் எங்களோடு சேர்ந்து நடந்துகொண்டே நிலைமையைப் புரிந்துகொண்டார். தலையை ஆட்டினால் பால் சிந்தும், பேசினால் நாக்கு கிழியும். ஆகவே சும்மா இருந்த என் வலது கையைத் தொட்டு, ஒரு விரலைத் தூக்கினால் ஆமாம், கையை மூடினால் இல்லை என்று கிரியோலில் விதி வகுத்தார். பிறகு டைரக்டரைப் பார்த்துக் கேள் என்றார்.

அந்தக் கேள்விகளை நான் இன்றும் தூங்கப் போகும்முன் நினைத்துப் பார்ப்பதுண்டு. நல்ல தூக்கம் வரும்.

ரிலீஸ் இரண்டைத் திரும்ப ஏற்றினால் சரியாகுமா என்று டைரக்டர் கேட்டார். கையை மூடினேன். ஹோட்டல் இயந்திரத்தையும் இப்போதே ஐந்துக்கு ஏற்றிவிடட்டுமா என்றார். இன்னும் இறுக்கி மூடினேன். அப்படியானால் இந்தச் சகிப்புத் திருத்தத்தை இப்போது போட்டால் என்ன என்றார். மூடிய கையைத் திறக்கவே இல்லை. டப்பாக்கள் எல்லாம் மாறிவிட்ட பிறகு, விழுந்து கிடப்பவளிடம் போய் எந்தப் பாடத்தைச் சொல்வது? ஒவ்வொரு கேள்விக்கும் என்ன அர்த்தம் என்று ஜோசெட் பிரெஞ்சில் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார். ஆக அந்த மனிதர், தான் போடாத திருத்தம் என்ன, தாண்டிய ரிலீஸ்கள் எத்தனை என்பதையெல்லாம், மஞ்சள் சொட்டச் சொட்ட, ஒற்றைக் காலில் மாறி மாறி நின்று, தன் வாயாலேயே விளக்க வேண்டியதாயிற்று. கோயில் மேளம் வேறு கூடவே.

"நகல் இருக்கா?" என்று ஜோசெட் கேட்டார்.

எங்கேயும் நகல் இல்லை, தானே நிறுத்திவிட்டதாக டைரக்டர் சொன்னார். நான் ஒரு விரலைத் தூக்கினேன்.

மேளம் கூட ஒரு தட்டு தவறியது என்று சொல்ல ஆசைதான், சொல்லிவிடுகிறேன். கணிப்பொறி அறையிலா என்று கேட்டார் ஜோசெட். கையை மூடினேன். உன் வீட்டிலா? மூடினேன். அலமேலு வீட்டிலா? முன்னால் போன அலமேலு முதுகைத் திருப்பாமலே கையை மூடிக் காட்டினாள். பிறகு எங்கே? நான் விரலை நீட்டி ஜோசெட்டைக் காட்டினேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். அவருக்குப் பின்னால் வெறும் கரும்புதான். விரலைக் கொஞ்சம் தள்ளி, கடல் இருக்கும் மாயெபூர்ப் பக்கம் காட்டினேன். மறுபடி அவரைக் காட்டினேன்.

"மோ கோஃப்?" என்றார். என் பெட்டகமா என்று கேட்கிறார்.

விரலை எவ்வளவு உயரம் தூக்க முடியுமோ அவ்வளவு உயரம் தூக்கினேன்.

வாராவாரம் விரிப்போடு வந்து, தன் பெட்டகத்தில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு, திறக்காமலே திரும்பிப்போகும் தகரப் பெட்டி அவருக்கு நினைவு வந்தது. ஏதோ பழைய உதிரிப் பாகம் என்று நினைத்திருந்தாராம். பெட்டியை உடனே கொண்டுவர டிரைவரை அனுப்பினார். அனுப்பிவிட்டும் அவர் போகவில்லை. என் கூடவே நடந்தார். கடைசியாக ஒன்று கேட்டார், டைரக்டர் கேட்கும்படி, தமிழ்ப் பெயரைக் கவனமாக உச்சரித்து.

"ரமாமணி, இதெல்லாம் முன்னாலேயே இவரிடம் சொன்னாயா?"

மார்ச் மாதம், அனுமதி, ஞானசம்பந்தத்தின் பாட வகுப்பு, எல்லாம் அந்த விரல் நுனியில் தொங்கின. விரலைத் தூக்கினேன். முன்னால் அலமேலுவும் தூக்கினாள். பின்னால் வந்த தையல் பிரிவுப் பெண்கள், விஷயம் என்னவென்று தெரியாமலே, ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி விரலைத் தூக்கினார்கள். முருகனுக்கு ஏதோ புது முத்திரை என்று நினைத்திருப்பார்கள். ஆற்றங்கரை வரை ரோஜா நிற வரிசை முழுக்க ஒற்றை விரல்கள். டைரக்டர் அந்த விரல்களைத் திரும்பிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைக்கக் கையைக் கொண்டுபோனார். கண்ணாடி இல்லை. மஞ்சள் தண்ணீரில் எங்கோ போயிருந்தது.

பால் திரியவில்லை. அதை மட்டும் நான் மிகைப்படுத்தவில்லை, அலமேலு சாட்சி. அபிஷேகம் முடிந்து பூசாரி வேலை இறக்கினார். நாக்கு மரத்துப்போயிருந்தது. டைரக்டர் மண்டபத் தூணைப் பிடித்துக்கொண்டு, கொப்புளக் காலைக் காற்றில் தூக்கியபடி காத்திருந்தார்.

"இப்போ பேசலாமோன்னோ? முதல்ல என்ன பண்ணணும்?"

"முதல்ல சப்பாத்தப் போட்டுக்கோங்க, சார்" என்றேன்.

அலமேலுவும் நானும் கோயிலில் போடும் ஏழு கறிச் சாப்பாட்டைக் கூட உட்கார்ந்து சாப்பிடாமல் இலையோடு மடித்து எடுத்துக்கொண்டு போனோம். நாங்கள் படியேறியபோது லூயி தகரப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தான். மூட்டை லிஃப்ட் காலியாகவே மேலும் கீழும் போய்வந்தது. டேப்பிலிருந்து டிஸ்க்குகளைப் பழையபடி நிரப்பி, இரண்டு ஓரகத்திகளையும் ரிலீஸ் இரண்டில் எழுப்பி உட்காரவைத்தோம். நகலுக்குப் பிறகு வந்த ஹோட்டல் முன்பதிவுகளை டெலெக்ஸ் தந்திக் காகிதங்களைப் பார்த்து ஹோட்டல் பெண்கள் மறுபடி அடித்தார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே அறையில் சேர்ந்தார்கள். மறுநாள் கன்டெய்னர்கள் பத்திரத்தோடு கப்பலேறின.

பாரீஸ் ஆட்கள் வந்தபோது டைரக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எங்கள் நிறுவனம் அவசரப்படாது, படிப்படியாகத்தான் ஏறும், அது தன் கொள்கை என்று பிரெஞ்சில் சொன்னார். அப்போது மீசையில் சிவப்பு நூல். அந்தக் கொள்கைப்படியே நான் சகிப்புத் திருத்தம் போட்டு, நான்குக்குப் போய், மறு ஆண்டுக் குளிர்காலத்தில் ஐந்துக்கும் போனேன். யாருக்கும் தெரியவில்லை. ரிலீஸ் மாறியது யாருக்கும் தெரியாமலிருப்பதுதான் என் தொழிலின் பெருமை. அது அவர் மாதிரி ஆட்களுக்கு ஏறவே ஏறாது, லிஃப்ட் வைத்தாலும்.

அந்த வருஷ மார்ச்சுக்கு முன்பே என்னை டைரக்டர் அறைக்குக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர் ஜோசெட். மேசைக்குப் பின்னால் டைரக்டர், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, புதுக் கண்ணாடியோடு. என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"எத்தனை வருஷத்துக்குப் போடட்டும்?"

நாக்கு ஆறி எத்தனையோ நாளாகிவிட்டது. நன்றாகப் பேச முடியும். இருந்தாலும் நான் வாயைத் திறக்கவில்லை. வலது கையைத் தூக்கி, மூன்று விரலைக் காட்டினேன்.